சகலை வீட்டுத் தர்பூசணி

தெருவில் டெய்லர்கள் நாலைந்து பேர் உண்டு. ஆனால் "அளவுக்காரர்" என்றால் அது ஒருத்தரைத்தான் குறிக்கும். பழைய சட்டையைக் கொண்டுவந்து போட்டு, "இதே அளவுக்குத் தைச்சிடுங்க" என்று யாராவது சொன்னால் போதும், "சட்டைக்குத் தைக்கணுமா, உங்களுக்குத் தைக்கணுமா?" என்று கேட்டு ஆளை நிமிர்ந்து நிற்கச் சொல்லித் தோளிலிருந்து அளக்க ஆரம்பித்துவிடுவார். சாப்பிடும்போதும் டேப்பு கழுத்தில்தான் கிடக்கும். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் தைத்துக் கொடுத்த உருப்படி ஒன்றுகூடப் பிரிந்து வந்ததில்லை. இதை அவரே சொல்லுவார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

நல்ல மனிதர்தான். கை சுத்தம், சொன்ன தேதியில் துணி கிடைக்கும், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவருக்கு இருந்த ஒரே உபத்திரவம் பக்கத்து வீட்டுச் சகலை.

மாமனார் ஒரே மனையில் சுவரோடு சுவராக இரண்டு வீடு கட்டி, மூத்தவளுக்கு ஒன்று, இளையவளுக்கு ஒன்று என்று எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். முன்வாசல் தனித்தனி. கொல்லைப்புறம் மட்டும் ஒன்றே; நடுவே தரையில் பதித்த ஒரு வரிசைச் செங்கல்தான் எல்லை. மூத்தவளைக் கட்டியவர் அளவுக்காரர். இளையவளைக் கட்டியவர் லிப்ட் மெக்கானிக். அதிர்ந்து பேசமாட்டார், யாரையும் குறை சொல்லமாட்டார், எதைத் தொட்டாலும் அது ஒழுங்காக ஓடும். இப்படிப்பட்ட ஆளைப் பக்கத்து வீட்டில் வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாக இருப்பது?

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத விஷயம் பாப்பா. பாப்பாவுக்கு வயது இருபத்தாறு. அளவுக்காரரின் ஒரே மகள். இளையவளுக்குப் பிள்ளை இல்லை என்பதால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான். சைக்கிள் கற்றுக்கொடுத்தது சித்தப்பா. கணக்கில் கோட்டை விட்டபோது பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததும் சித்தப்பா. பத்து வயதில் அவளை ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சிக்குக் கூட்டிக்கொண்டுபோய், லிப்டை இழுக்கும் மோட்டாரைக் காட்டிவிட்டு வந்தார். அன்றோடு பிள்ளை மனசு அங்கேயே தங்கிவிட்டது. டெய்லர் மகளுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது, ஆனால் மோட்டாரைக் கழற்றி மாட்டுவாள். அதையே படித்து, அதற்கே வேலை கிடைத்து, இப்போது இரண்டு நாள் பயணத் தூரத்தில் இருக்கிறாள். அவள் சம்பளம் வாங்கும் தொழில் தன்னுடையதில்லை, சகலையுடையது என்பதை நினைக்கும்போதெல்லாம் அளவுக்காரருக்கு வயிறு எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் சொன்னாள். "இங்க தர்பூசணின்னு ஒண்ணு விக்கிறாங்கப்பா. சிவப்பா இருக்கு, அதோட சரி. தின்னா ஈரத்துணியைக் கடிச்ச மாதிரி இருக்கு. இன்னும் மூணு மாசத்துல லீவு கிடைச்சுடும். வந்ததும் ஒரு முழுப் பழத்தை ரெண்டா வெட்டி மடியில வச்சுக்கிட்டு ஸ்பூனால தோண்டித் தின்னணும்."

கடையில் வாங்கி வைத்தால் போதாதா என்று மூத்தவள் கேட்டாள். "கடையில வாங்கறதுக்கு அப்பன் எதுக்கு?" என்றார் அளவுக்காரர். அன்றைக்கே விதை வாங்கி ஊறப்போட்டார். செங்கல் வரிசைக்கு இந்தப் பக்கம் குழி தோண்டி, மக்கிய எருவைக் கலந்து, மண்ணை மேடாகக் கூட்டி விதையை ஊன்றினார். இரண்டாம் நாள் காலை எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கமும் ஒரு மண்மேடு!

"அண்ணா, நீங்களும் தர்பூசணியா?" என்றார் லிப்ட்காரர், முகமெல்லாம் சிரிப்பாக. "பாப்பா உங்ககிட்டயும் சொன்னாளா?"

உங்களிடமும் சொன்னாளா என்று பெற்ற தகப்பனைப் பார்த்துக் கேட்கிறார்! அளவுக்காரர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தரையில் படரவிட அங்கே இடம் கிடையாது. கொல்லை மொத்தமும் பன்னிரண்டடி, அதில் துணி உலர்த்தும் கம்பி வேறு. கொடியை மேலே ஏற்றித்தான் ஆக வேண்டும். அளவுக்காரர் கடையில் கிடந்த திரைச்சீலைக் கம்பிகளை ஊன்றி, குறுக்கே கயிறு கட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பக்கத்தில் பார்க்காதவரை. லிப்ட்காரர் இரண்டு இரும்புக் குழாயை இரண்டடி ஆழத்தில் இறக்கி, வேலையிடத்தில் கழித்துப் போட்ட எஃகுக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, திருகு வைத்து முறுக்கிவிட்டார். விரலால் சுண்டினால் கம்பி ரீங்காரம் போட்டது.

"ஏங்க, இங்க வந்து பாருங்களேன்," என்றாள் மூத்தவள். "எட்டு பேர் ஏறினாலும் தாங்கும் போலிருக்கு."

"ஏறப்போறது தர்பூசணி. எட்டு பேர் இல்ல," என்றார் அளவுக்காரர்.

கொடிகள் ஏறின. முதலில் ஆண் பூக்கள் மட்டும் வந்து ஆசை காட்டின. பத்து நாள் கழித்து, அடியில் கோலிக்குண்டு அளவுப் பிஞ்சோடு பெண் பூக்கள் வந்தன. தேனீயை நம்பாமல், காலையில் பூ விரிந்ததும் இரண்டு பேரும் அவரவர் பக்கம் நின்று ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு வைத்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டார்கள். முடிவில் அளவுக்காரர் கொடியில் ஒன்பது பிஞ்சு நின்றது. சகலை கொடியில் ஐந்துதான். அளவுக்காரருக்கு ஒரு வாரம் நல்ல தூக்கம் வந்தது. தினமும் டேப்பால் ஒன்பதையும் சுற்றி அளந்து, அளவு நோட்டில் பாப்பாவின் பெயருக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் குறித்தும் வைத்தார்.

அந்தத் தூக்கத்தையும் போன்தான் கெடுத்தது.

"அப்பா, சித்தப்பா போட்டோ அனுப்பினாரு! அஞ்சு காய், குட்டி குட்டியா, என்ன அழகு! நீங்களும் போட்டிருக்கீங்களாமே?"

"ஒன்பது," என்றார் அளவுக்காரர்.

"ஓ, சூப்பர்ப்பா," என்றாள். பிறகு அந்த எஃகுக் கம்பியைச் சித்தப்பா எப்படி முறுக்கியிருக்கிறார், ஒரு முடிச்சுகூட இல்லாமல் எப்படிக் கட்டியிருக்கிறார் என்று பத்து நிமிடம் பேசினாள். அளவுக்காரர் "ம்" போட்டுக்கொண்டே இருந்தார். ஒன்பதுக்கு ஒரு சூப்பர், ஐந்துக்குப் பத்து நிமிடம்.

மறுநாள் காலை, பால் வாங்கும் நேரத்துக்கு அரைமணி முன்னால், அவர் செங்கல் வரிசையைத் தாண்டினார். கத்தரியால் வெட்டினால் வெட்டு தெரிந்துவிடும், தொழில்காரருக்குத் தெரியாதா? இருப்பதிலேயே கொழுத்த பிஞ்சை நகத்தால் திருகி எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கடையின் வெட்டுத்துணி மூட்டைக்குள் புதைத்தார். நெஞ்சு படபடவென்று அடித்தது. அடுத்த நாள் அடிக்கவில்லை. நாலு நாளில் நாலு பிஞ்சு.

"உதிர்ந்துக்கிட்டே வருது அண்ணா," என்றார் லிப்ட்காரர், இலைகளை விலக்கிப் பார்த்தபடி.

"வெயில் சகலை. இந்த வெயிலுக்கு நிக்காது," என்றார் அளவுக்காரர். இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

ஐந்தாவதை அவர் தொடவில்லை. இரக்கத்தால் என்று நினைக்க வேண்டாம். எல்லாமே உதிர்ந்தால் சந்தேகம் வரும். தவிர, ஐந்தாவது கொடியின் நுனியில் கோணிக்கொண்டு நின்ற நோஞ்சான். அது தானாகவே போய்விடும் என்று கணக்குப் போட்டு விட்டு வைத்தார்.

அது போகவில்லை. ஐந்தாம் நாள் எலுமிச்சை அளவு இருந்தது. அடுத்த வாரம் தேங்காய். அதற்கடுத்து அளவுக்காரர் ஒரு நாள் திருட்டுத்தனமாக டேப்பை வைத்துப் பார்த்தார்: இருபத்தொரு அங்குலம். இந்தப் பக்கம் ஒன்பது காய்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு பதினோரு அங்குலத்திலேயே நின்றன. இரண்டு வேளைக்கு மூன்று வேளையாகத் தண்ணீர் ஊற்றினார். இரண்டு காய் வெடித்ததுதான் மிச்சம். சகலை ராத்திரியோடு ராத்திரியாக ஏதோ ஊசி போடுகிறார் என்று மூத்தவளிடம் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டார்.

விடை கடைக்கே வந்தது. செடிகள் விற்கும் நர்சரிக்காரர் பேண்டின் நீளம் குறைக்க வந்திருந்தார். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு காலடியில் உட்கார்ந்திருந்த அளவுக்காரர் பேச்சுவாக்கில் விஷயத்தைக் கேட்டார்.

"ஒன்பதையும் விட்டு வச்சீங்களா?" என்று சிரித்தார் நர்சரிக்காரர். "ஒரு கொடிக்கு ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு. மத்ததையெல்லாம் பிஞ்சுலயே கிள்ளிப் போட்டுடணும். கொடி பாவம், எத்தனை பேருக்குச் சோறு போடும்? நல்லதா ஒண்ணை விட்டுட்டா அத்தனை சாப்பாடும் அதுக்குத்தான்."

குண்டூசி தொண்டைக்குள் போகாமல் தப்பியது. அன்று அந்தப் பேண்ட் ஒரு கால் அரை அங்குலம் குட்டையாகப் போனது. அளவுக்காரர் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் வீட்டுக்கு ஓடிவந்து தன் கொடியில் ஆறு காய்களை அறுத்துப் போட்டார். காலம் கடந்துவிட்டது, மீதி ஒன்று வளரும் உத்தேசத்தையே விட்டிருந்தது. அவர் செங்கல் வரிசைக்கு அருகே நின்று அந்தப் பெரிய காயைப் பார்த்தார். நாலு நாள் விடியலில் எழுந்து, நெஞ்சு படபடக்க, சகலைக்காகத் தோட்ட வேலை பார்த்திருக்கிறார்!

அது போதாதென்று அடுத்த வாரம் லிப்ட்காரர் கடைக்கே வந்துவிட்டார், இளையவளையும் கூட்டிக்கொண்டு.

"காம்பு தாங்காது போலிருக்கு அண்ணா. கம்பி தாங்கும், கொடி தாங்காது. காய்க்கு அடியில ஒரு தூளி மாதிரி கட்டி, வெயிட்டைக் கம்பிக்கு மாத்தணும். நான் வேட்டியைக் கட்டிப் பார்த்தேன், ஒரு பக்கமா நழுவுது. அளவெடுத்துத் தைக்க உங்களை விட்டா யாரு இருக்காங்க?"

"எங்க வீட்டுல தொங்கப்போற முதல் தூளி மாமா," என்றாள் இளையவள் சிரித்துக்கொண்டே. "நல்லா தைச்சுக் குடுங்க."

இளையவள் சிரித்ததால் அளவுக்காரரும் சிரித்து வைத்தார். அவள் சொன்னதில் அவர் மனம் நிற்கவில்லை. அவர் மனம் வேறொன்றில் நின்றது. ஓட்டுத்தையல் போட்டால் போதும். பார்க்கத் தையல் மாதிரியே இருக்கும். நாலு நாள் பாரத்தில் ஒவ்வொன்றாக விடும். பழம் கீழே விழுந்து சிதறும். பாப்பா வர இன்னும் பன்னிரண்டு நாள்தான். மெஷினில் துணியை வைத்து, காலை மிதியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம்தான் உறைத்தது. சகலை வீட்டுப் பழம் விழுந்தது என்று யார் சொல்வார்கள்? அளவுக்காரர் தையல் பிரிந்தது என்றல்லவா தெரு முழுக்கப் பேசும்! பாப்பாவும் அதைத்தான் கேட்பாள்.

பொறாமை ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம். இரட்டைத் தையல் போட்டார். காற்று போக வலைத்துணி, நாலு மூலைக்கும் நாடா, காய் பெருத்தால் பிரித்துவிட உள்ளே இரண்டிரண்டு அங்குலத் துணி விட்டு, போய் அந்தக் காயைக் கட்டிப்பிடித்து அளந்து மாட்டினார். மூன்று நாளைக்கு ஒரு முறை போய் ஒரு வரிசைத் தையலைப் பிரித்துத் தளர்த்திவிட்டும் வந்தார். தன் வீட்டில் ஒரு கொடி இருப்பதே அவருக்கு மறந்துபோனது. காயின் காம்புக்குப் பக்கத்தில் கொடியில் இருக்கும் பற்றுச்சுருள் காய்ந்து பழுப்பானால்தான் பழம் தயார் என்பதை லிப்ட்காரருக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொன்னதும் அவர்தான்.

பாப்பா வந்தாள். பையை வைத்துவிட்டு நேராகக் கொல்லைக்குத்தான் போனாள். லிப்ட்காரர் பழத்தைத் தூளியோடு இறக்கி, தராசில் வைத்து, பதினோரு கிலோ என்று சொல்லிவிட்டு வெட்டினார். கத்தி பாதி இறங்கும்போதே பழம் மீதியைத் தானாகப் பிளந்துகொண்டது. உள்ளே ரத்தச் சிவப்பு. பாப்பா ஒரு பாதியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பூனால் தோண்டி வாயில் போட்டு, கண்ணை மூடினாள்.

"சித்தப்பா! எப்படி சித்தப்பா இப்படி வளர்த்தீங்க?"

அளவுக்காரர் ஒரு கீற்றைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றார்.

"நான் என்ன பண்ணினேன் பாப்பா? அஞ்சு வச்சுது. நாலு தானா உதிர்ந்துடுச்சு. மிஞ்சின ஒண்ணு நல்லா வளர்ந்துச்சு. அவ்வளவுதான்."

"ஒண்ணை மட்டும் விட்டா பெருசா வரும்னு சொல்லுவாங்க. அதிர்ஷ்டம்தான் சித்தப்பா உங்களுக்கு."

அதிர்ஷ்டமா? அந்த ஒரு வார்த்தையில் அளவுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"தானா எங்க உதிர்ந்துச்சு? நான்தான் கிள்ளினேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. மூத்தவள் தட்டைக் கீழே வைத்தாள். "என்னது?"

"அது... ஒரு கொடிக்கு ஒண்ணுதான் விடணும். அதான் முறை. நர்சரிக்காரரைக் கேட்டுப் பாரு."

"அப்போ உங்க கொடியில ஏன்பா ஒன்பது இருந்துச்சு?" என்றாள் பாப்பா.

கணக்கு நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார் சித்தப்பா. அளவுக்காரர் கழுத்து டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் அண்ணா," என்றார் லிப்ட்காரர், ஏதோ லிப்ட் ரிப்பேரைப் பற்றிச் சொல்வதுபோல. "மாடியில நின்னு பல்லு தேய்ச்சுக்கிட்டிருந்தேன். முதல் நாள் சத்தம் போடணும்னுதான் நினைச்சேன். வாய் முழுக்க நுரை."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணுமே சொல்லல?" என்று கேட்டது இளையவள். அவளுக்கும் அது புதுச் செய்திதான்.

லிப்ட்காரர் கத்தியில் ஒட்டிய விதையை விரலால் தள்ளினார். "இருபத்தாறு வருஷமா வயிறெரிஞ்சவன் நான்தானே. பாப்பா நாள் பூரா இங்க ஆடும், பாடும், என் தோள்ல ஏறும். சாயங்காலம் ஆனதும், 'நேரமாச்சு, அப்பா தேடுவாரு'ன்னு எழுந்து போயிடும். ஒரு நாள்கூடத் தப்பாது. நான் கதவு வரைக்கும் போய் நின்னுட்டு வருவேன்." கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார். "அண்ணாவுக்கு வயிறெரியற மாதிரி என்கிட்டயும் ஒண்ணு இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அந்தச் சந்தோஷத்துல, போனா போகுதுன்னு விட்டுட்டேன். அஞ்சாவதையும் எடுத்துடாதீங்கன்னு மட்டும் மேல நின்னு வேண்டிக்கிட்டேன்."

இளையவள் எழுந்து தோல்களைப் பொறுக்கத் தொடங்கினாள். இன்னும் தின்று முடிக்காத கீற்றையும் சேர்த்துப் பொறுக்கினாள். மூத்தவள் தங்கை கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள். அளவுக்காரர் கழுத்து டேப்பை விட்டார். கையில் இருந்த கீற்றைத் தின்றார். நல்ல இனிப்பு. தான் இத்தனை வருடமாக ஒரு பக்கத்தை மட்டுமே அளந்துகொண்டிருந்தது அவருக்கு வெட்கமாக இருந்தது.

பத்து நாள் லீவு போன வழி தெரியவில்லை. பாப்பா கிளம்பும் நாளில் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. பையை ஏற்றியாயிற்று, மூத்தவள் அழுது முடித்தாயிற்று.

"சித்தப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றார் அளவுக்காரர்.

"காலையிலயே சொல்லிட்டேன்பா."

"காலையில சொன்னது காலையில. போய் இன்னொரு தடவை சொல்லிட்டு வா. வாசல்லயே நிக்காம உள்ள போய் உட்கார்ந்து பேசிட்டு வா."

பாப்பா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குள் போனாள். அளவுக்காரர் ஆட்டோவின் பக்கத்தில் நின்றார். மூன்று நிமிடம் ஆனது. ஐந்து நிமிடம் ஆனது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது, பாப்பாவின் சிரிப்புதான். தன் வீட்டில் கிளம்பும்போது அவள் அப்படி ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லையே என்று அவருக்குத் தோன்றியது. அப்படி என்னத்தைச் சொல்லிச் சிரிக்கவைக்கிறார் அந்த மனுஷன்? ஏழு நிமிடம். வயிறு பழையபடி எரிய ஆரம்பித்தது.

"நேரமாகுது சார்," என்று ஆட்டோக்காரர் ஹார்னில் கையை வைத்தார்.

"அடிக்காதீங்க," என்று அளவுக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.